மீசை அத்தை

எங்கள் காப்பகத்தில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: அத்தை. இடத்தை நடத்துகிறவள் பெரியத்தை. மூக்குக்கண்ணாடி போட்டவள் கண்ணாடி அத்தை. சமையலறையில் கிடந்து வேகிற நான் சோத்தத்தை. இந்தப் பெயர்களை யார் வைத்தது என்று கேட்காதீர்கள். இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு கூட்டம் வைத்தது. அவர்களைப் பொறுத்தவரை அத்தை என்றால் அப்பாவின் அக்காவோ தங்கையோ இல்லை. தூக்கினால் அத்தை, ஊட்டினால் அத்தை, கழுவிவிட்டால் அத்தை. டாக்டர், டிரைவர் மாதிரி அதுவும் ஓர் உத்தியோகம்.

அந்த உத்தியோகத்துக்கு ஒரு நாள் மீசை வைத்த ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் வருவதற்குச் சற்று முன்னால் எங்களுக்குப் போதாத காலம். இரண்டு வயசுக்குக் கீழே உள்ளவர்களை வைத்துக்கொள்கிற அறைக்குத் தவழும் அறை என்று பெயர். அங்கே கண்ணாடி அத்தையோடு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடப் போய்விட்டாள். "அங்க யாரும் என்னைக் கடிக்க மாட்டாங்கல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்னொருத்தியை ஏசி போட்ட பெரிய பள்ளிக்கூடம் கொத்திக்கொண்டு போனது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வேலைக்கு இருக்கிற மரியாதை அப்படி. "குழந்தைங்களைச் சும்மா பாத்துக்கிற வேலைதானே?" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றுக்கு மூக்கு ஒழுகும்போது இன்னொன்று செருப்பைத் தின்னும், மற்றொன்று நாற்காலிமேல் ஏறி நிற்கும், இதையெல்லாம் பார்த்துப் பயந்துபோய் ஓரத்தில் ஒன்று வீறிடும். சும்மா பார்க்க வேண்டுமென்றால் போய்க் கடலைப் பார்க்கட்டும்.

கண்காணிப்பு அதிகாரி வந்தார். கெட்ட மனுஷி இல்லை, ஆனால் சட்டம் அவர் கையில் இருந்தது. "இத்தனை பச்சைக் குழந்தைங்களை ஒரே ஆள் பாத்துக்க முடியாது. பயிற்சி முடிச்ச இன்னொரு ஆளைப் போடுங்க. மாசக் கடைசியில வருவேன். அப்பவும் இல்லைன்னா இந்த அறையை மூடிட வேண்டியதுதான்" என்று பெரியத்தையிடம் சொன்னார். அந்த அறைதான் எங்களுக்கு வேர். அங்கே தவழுகிறவர்கள்தான் பிறகு பெரிய அறைக்கு நடந்து வருவார்கள். அது போனால் கொஞ்ச நாளில் வாசல் கதவையும் இழுத்துப் பூட்ட வேண்டும். எங்கள் பிழைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு ஓடி ஓடி வேலைக்குப் போகிற அம்மாக்கள் என்ன செய்வார்கள்? பெரியத்தை கையைப் பிசைந்துகொண்டு வராந்தாவில் நடந்தாள்.

வேலைக்கு ஆள் தேவை என்று வாசலில் எழுதிப் போட்டோம். ஒரு பெண் வந்தாள், அழுக்கு டயப்பர் வாளியைத் திறந்து காட்டியதும் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். இன்னொருத்தி கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் கண்ணெதிரே ஒருவன் சுவரை நக்கிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம்தான் அவர் வந்தார். நல்ல உயரம், அகலமான தோள், உதட்டையே மறைக்கிற மீசை. பெரியத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாங்க, எப்போ சொல்லி எப்போ வர்றீங்க? குழாய் பின்னாடி இருக்கு" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் பின்னால் போனார். குழாயைத் திருகிப் பார்த்தார். திரும்பி வந்து, "வாஷர் போயிருக்குங்க. ஆனா நான் அதுக்கு வரலை. அத்தை வேலைக்கு வந்திருக்கேன்" என்றார்.

வாசலில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற வாண்டுகளிடம் என்ன வேலை என்று விசாரித்திருக்கிறார். அவர்கள் சொன்னதை அப்படியே வந்து சொல்லிவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவ்வளவு உயரத்தில் ஒரு கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் இறக்கியிருக்கிறார். ஆள் இல்லாமலே ஓடுகிற இயந்திரங்கள் வந்ததும் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். மனைவி மருத்துவமனையில் நர்ஸ், மாறி மாறி ஷிப்ட். வீட்டில் கைக்குழந்தை. வேறு வேலை கிடைக்கும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்று மகளைக் கையில் வாங்கியவருக்கு அதற்கப்புறம் வேறு வேலையில் மனசே ஒட்டவில்லை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இவர் பயிற்சி வகுப்புக்குப் போனார். வகுப்பு முழுக்கப் பெண்கள். ஆசிரியை தினமும் "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றுதான் ஆரம்பிப்பாராம். இவரும் உட்கார்ந்துகொள்வாராம்.

அவருடைய அண்ணன், "இரும்பைத் தூக்கின கையால பீத்துணியைத் தூக்கப் போறியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். "இரும்பு ஒரு நாளாவது என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கா?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். அதன்பிறகு அண்ணன் வீட்டுப் பக்கம் போவதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியத்தைக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. மீசைதான் உறுத்தியது. "இதை மட்டும் கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா..." என்று இழுத்தாள்.

"எடுத்தா என் வீட்டுக்காரி கதவைத் திறக்க மாட்டாங்க அக்கா. குழந்தைங்களுக்கும் இழுக்க ஏதாவது வேணும்ல."

முதல் நாளே மீசை அத்தை என்று பெயர் விழுந்துவிட்டது. மீசை முளைத்த அத்தையைப் பற்றி நமக்குள் காலங்காலமாக ஒரு கேலி உண்டு. அதைச் சொல்ல எல்லோருக்கும் நாக்கு துறுதுறுத்தது. கண்ணாடி அத்தை பாதி சொன்னாள். அவளுக்கு அன்று மதியம் அடிப்பிடித்த சோறுதான் கிடைத்தது.

பெற்றோர்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. பெரியத்தை எல்லோரையும் கூப்பிட்டுச் சின்ன நாற்காலிகளில் உட்கார வைத்தாள். வங்கியில் வேலை பார்க்கிற ஓர் அப்பா முதலில் எழுந்தார். "ஆம்பளை கையில குழந்தையைக் குடுக்கணுமா? ஊர்ல பொம்பளைங்களே இல்லாம போயிட்டாங்களா?" என்றார். அந்தப் பழைய கேலியையும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர் எங்களிடம் சாப்பிடுகிறவர் இல்லை என்பதால் என்னால் அவருக்கு அடிப்பிடித்த சோற்றைப் போட முடியவில்லை.

ஓர் அம்மா சிரிக்காமல் கேட்டாள். "எனக்குப் பயமா இருக்கு. என் பொண்ணுக்குத் துணி மாத்துறப்போ கூட யார் இருப்பாங்க?" அது கேலி இல்லை. பெண் குழந்தையைப் பெற்றவளின் நியாயமான கேள்வி. பெரியத்தை பதில் சொல்வதற்குள் மீசை அத்தையே எழுந்தார்.

"நீங்க கேக்குறது சரிம்மா. நானும் ஒரு பொண்ணுக்கு அப்பாதான். துணி மாத்துற அறைக் கதவுல பாதிக்குக் கண்ணாடி போடணும்னு சொல்லிட்டேன். நான் மட்டுமில்ல, இங்க யாருமே தனியா எந்தக் குழந்தையோடயும் கதவை மூடிக்கக் கூடாது. எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க, சொல்லிட்டு வர வேண்டாம்."

அந்த வார இறுதியில் கண்ணாடியை அவரே வெட்டிப் பொருத்தினார். கேள்வி கேட்ட அம்மா இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தாள். மூன்றாம் தடவை வரவில்லை. ஆனால் வங்கிக்காரர் பிடிகொடுக்கவே இல்லை. காலையில் மகனைத் தூக்கிக்கொண்டு வருவார். வாசலில் நிற்கிற மீசை அத்தை இரண்டு கையையும் நீட்டுவார். வங்கிக்காரர் அந்தக் கைகளைத் தாண்டிப் போய் உள்ளே பெரியத்தையிடம் குழந்தையைக் கொடுப்பார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் அப்படியே செய்தார்கள். நீட்டிய கையை அவர் தினமும் மடக்கிக்கொள்வதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

வங்கிக்காரர் மகனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சைரன். ஒன்றரை வயசு. பேச்சு வரவில்லை, ஆனால் அழுகைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மதியம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் அவனை மட்டும் யாராலும் படுக்க வைக்க முடியாது. தோளில் தூங்குவான், பாயில் முதுகு பட்டதும் ஆரம்பிப்பான். அவன் ஆரம்பித்தால் அறை முழுக்க எழுந்துகொள்ளும்.

மீசை அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தார். பிறகு மண்டி போட்டார். முதலில் அவன் குதிகாலைப் பாயில் வைத்தார். அப்புறம் இடுப்பு, அப்புறம் முதுகு. தலை கடைசியாக வந்து இறங்கியது. இறக்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. நான் ஜன்னலில் நின்று சைகையில் என்னவென்று கேட்டேன்.

"சரக்கு இறங்கினதும் சங்கிலியைக் கழட்டக் கூடாதுக்கா. அது உக்காரணும்" என்று உதட்டசைவில் சொன்னார்.

சைரன் தூங்கினான். அந்தக் காப்பகத்தில் அப்படியொரு மதியத்தை நான் கண்டதில்லை. சோற்றுப் பானையைக் கழுவக்கூட மனசு வராமல் நின்றேன். எழுந்தபிறகு அவன் அவரை விட்டு நகரவில்லை. அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தான். அந்த வாரமே ஒரு நாள், மீசையைப் பிடித்து இழுத்து, "அத்த" என்றான்.

அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை. மீசை அத்தை அவனை அப்படியே அணைத்துக்கொண்டு தேம்பினார். துறைமுகத்தில் இறங்கின பெட்டிகளெல்லாம் பார்த்திருந்தால் கைதட்டியிருக்கும்.

குழப்பம் அதற்கப்புறம்தான். கொஞ்ச நாளில் வங்கிக்காரர் வாயெல்லாம் பல்லாக ஒரு மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். "என் பையன் பேசிட்டான்! வீட்டுக்கு வந்ததும் வாசலைப் பாத்து அத்த, அத்தன்னு ஒரே கூப்பாடு. அடுத்த தெருவுலதான் எங்க அக்கா இருக்காங்க. அம்மா அப்பாவைக்கூடக் கூப்பிடாம அத்தையைக் கூப்பிட்டிருக்கான்! அக்காவுக்குத் தலைகால் புரியலை" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போனதும் நான் மீசை அத்தையிடம் கத்தினேன். "போய்ச் சொல்லுங்க தம்பி! அந்த அத்தை நான்தான்னு சொல்லுங்க!"

"வேண்டாம்கா. பாவம், அந்தம்மா அவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. அதைப் பிடுங்கி நான் என்ன பண்ணப் போறேன்?"

அந்த நல்ல மனசு எங்கள் தலையிலேயே வந்து விடிந்தது. சந்தோஷம் தாங்காத அக்கா, மருமகன் இத்தனை ஆசையாகத் தன்னைக் கூப்பிடும்போது அவன் எதற்கு அந்நியர் கையில் வளர வேண்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வங்கிக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. மாதக் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார். அவர் போனால் நாங்களும் போகிறோம் என்று அவர் பேச்சைக் கேட்கிற மற்ற சிலரும் சொல்லிவிட்டார்கள். ஆள் கிடைத்த அறையில் இனிக் குழந்தைகள் இருக்க மாட்டார்கள். எப்படியானாலும் அறையை மூட வேண்டியதுதான். அன்று சாயங்காலம் மீசை அத்தை விளையாட்டுக் கட்டைகளைத் துடைத்துக்கொண்டே, "என்னாலதானே எல்லாம். நான் நின்னுக்கட்டுமா அக்கா?" என்று பெரியத்தையிடம் கேட்டார். "நின்னா காலை உடைப்பேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்து என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி வந்த அதே காலையில்தான் அவர்களும் வந்தார்கள். அதிகாரி தவழும் அறையின் ஓரத்தில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் குரல் தெருமுனையிலேயே கேட்டது. பெரிய உடம்பு, பெரிய குரல், கையில் குழந்தையின் சாமான்களைப் போட்டுக்கொண்டு போக ஒரு பெரிய பை. பின்னால் வங்கிக்காரர். பெரியத்தை முகத்தில் ஈயாடவில்லை. நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றேன்.

சைரன் தரையில் உட்கார்ந்து இரண்டு கரண்டிகளைத் தட்டிக்கொண்டிருந்தான். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே மண்டி போட்டு இரண்டு கையையும் விரித்தாள். "வாடா என் மருமகனே! அத்தை வந்திருக்கேன் பாரு!"

அவன் நிமிர்ந்தான். முகமெல்லாம் மலர்ந்தது. "அத்த!" என்று கரண்டிகளை வீசிவிட்டு எழுந்து தடதடவென்று ஓடிவந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவன் அக்காவின் விரித்த கைக்கு அடியில் புகுந்து, அவளைத் தாண்டி ஓடினான். அவளுக்குப் பின்னால் கழுவின கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்த மீசை அத்தையின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். "அத்த. அத்த."

மீசை அத்தை கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டார். வங்கிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "டேய், அத்தை இங்க இருக்காங்கடா."

சைரன் அப்பாவைப் பார்த்தான். தன்னைத் தூக்கிக்கொண்டவரின் மீசையைக் கொத்தாகப் பிடித்து அப்பாவுக்குக் காட்டினான். "அத்த!" வெளியே விளையாடிக்கொண்டிருந்த, பேச்சு வந்த வாண்டுகள் சும்மா இருக்குமா? வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "மீசை அத்தை! மீசை அத்தை!" என்று கூவ ஆரம்பித்துவிட்டன.

அக்கா மெதுவாக எழுந்தாள். மீசை அத்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவருக்குப் பேச்சு குழறியது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க..."

"எத்தனை நாளா?"

"வந்த கொஞ்ச நாள்லேர்ந்து."

"அப்போ வீட்டுல வாசலைப் பாத்து அழுதது உங்களைக் கேட்டா?"

"உங்களையும் சேத்துத்தாம்மா இருக்கும்."

"பொய் சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

அக்கா அப்படியே ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. அவள் உதடு துடித்ததைப் பார்த்து அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது சிரிப்பு. வீடே அதிர்கிற சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"ஏண்டா, நமக்கு ஒரு தங்கச்சி இருக்கான்னு அம்மா சொல்லவே இல்லையே?"

அதிகாரி சிரித்தார். பெரியத்தை சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது. வங்கிக்காரர் மட்டும் சிரிக்காமல் நின்றார். அக்கா பையை அவர் கையில் திணித்தாள். "புள்ள வாயைத் திறந்து பேசினதே இவரைப் பாத்துத்தான். அவனை இங்கேர்ந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போகவா என்னை வரச் சொன்ன? நட வீட்டுக்கு. எனக்கு என் மருமகனை ஞாயித்துக்கிழமை பாத்தாப் போதும்."

அவர்கள் போனபிறகும் அதிகாரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் சாப்பிடுவதையும், கழுவிக்கொள்வதையும், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் துணி மாற்றுவதையும் பார்த்தார். சைரன் பாயில் இறங்கினதைப் பார்த்தபோது, சத்தம் வராமலிருக்கத் தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அறை நடக்கட்டும்" என்றார் பெரியத்தையிடம். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "இவரை மாதிரி இன்னும் ரெண்டு மூணு அத்தை கிடைப்பாங்களா? போற இடமெல்லாம் ஆள் இல்லாம அறையை மூடச் சொல்லிட்டு வர்றேன். எனக்கே வெறுத்துப் போச்சு."

பெரியத்தை மீசை அத்தையைப் பார்த்தாள். "எங்க துறைமுகத்துல என்னோட இறங்கினவங்க நிறைய பேர் சும்மா இருக்காங்க. கேட்டுப் பாக்குறேன்" என்றார் அவர்.

மறுநாள் காலையில் நான் வேண்டுமென்றே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெருக்குவது என் வேலை இல்லை. வங்கிக்காரர் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீசை அத்தை வழக்கம்போலக் கையை நீட்டினார். உள்ளே பெரியத்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் கொடுக்க வழியில்லை. சைரன் அப்பாவின் இடுப்பிலிருந்து பாதி உடம்பை இந்தப் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு துள்ளினான்.

வங்கிக்காரர் தொண்டையைச் செருமினார். "ராத்திரி சரியாத் தூங்கலை. வீட்டுல எங்க யாருக்கும் அவனைப் படுக்க வைக்கத் தெரியலை. சாயங்காலம் வந்து உங்ககிட்டக் கத்துக்கலாமா?"

"வாங்க. ரெண்டு நாள்ல வந்துடும்" என்றார் மீசை அத்தை.

வங்கிக்காரர் மகனை அந்தக் கைகளில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவன் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். "அத்தைகிட்ட சமத்தா இருக்கணும், சரியா?" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.